சேவை நாய்க்குச் சான்றிதழ் எங்கே வாங்குவது?

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது. இப்போது வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் மெஷின் போட்டுக்கொண்டால் எதிரில் நின்று பேசுவது கேட்கும், பக்கத்தில் டிவி ஓடினால் அதுவும் கேட்காது. அவள் தனியாக இருக்கும் பகல் நேரத்தில் குக்கர் விசில் மேல் விசிலாக அடித்துப் பருப்பு கருகிப் போவதும், பார்சல் கொண்டுவந்தவர் பெல் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும் அடிக்கடி நடந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு வயது லேப்ரடார் இருந்தது. "சத்தம் கேட்டால் எனக்கு வந்து சொல்ல இவனையே பழக்கினால் என்னடா?" என்று அக்கா கேட்டதும் நான் செய்த முதல் காரியம், குறைபாடு உள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய்க்கான சேவை நாய்ச் சான்றிதழ் எங்கே கிடைக்கும் என்று இணையத்தில் தேடியது.

கிடைத்தது. ஒரு தளத்தில் நாயின் பெயரைத் தட்டி, படம் ஏற்றி, பணம் கட்டினோம். பத்து நாளில் பிளாஸ்டிக் அட்டை, நாய்க்கு மாட்டும் சிவப்பு வெஸ்ட், பதிவு எண் போட்ட சான்றிதழ் எல்லாம் தபாலில் வந்தன. நாய்க்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, அக்காவின் காதைப் பற்றியும் கேட்கவில்லை. அந்த அட்டைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உடல்நலக் குறைவோடு போராடுகிறவர்களிடம் இப்படிப் பணம் பிடுங்குவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது, அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சேவை நாய்க்கென்று மத்திய அரசு தரும் சான்றிதழ் எதுவும் கிடையாது. பதிவேடும் கிடையாது, தேர்வும் கிடையாது. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், எல்லோரும் ஏடிஏ என்று சொல்வது, அதன் கீழ் மத்திய அரசின் நீதித்துறை 2010-இல் திருத்தி வெளியிட்டு 2011 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள்தான் இன்றும் அடிப்படை. மாற்றுத்திறன் உள்ள ஒருவருக்காக, அவருடைய குறைபாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ள வேலையையோ உதவியையோ செய்வதற்கென்று தனியாகப் பழக்கப்பட்ட நாய், அதுதான் சேவை நாய். நாய் மட்டும்தான், பூனை, கிளி எதுவும் வராது. சின்ன ரகக் குதிரைக்குத் தனியாக ஒரு விதி இருக்கிறது, அது நமக்கு வேண்டாம். இனக் கட்டுப்பாடு இல்லை, பிட்புல் ஆனாலும் சரி, தெருவில் கிடைத்த கலப்பு நாய் ஆனாலும் சரி. வெஸ்ட் கட்டாயமில்லை. யார் பழக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, சொந்தக்காரரே பழக்கலாம் என்று நீதித்துறை தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஊரில் எல்லா நாய்க்கும் உள்ள உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவை மட்டும் இதற்கும் உண்டு.

ஏன் இப்படி விட்டுவைத்தார்கள் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. காரணம் பெரும்பாலும் பணம்தான். தொண்டு நிறுவனங்கள் சில, பழக்கிய நாயை இலவசமாகவோ சிறு தொகைக்கோ தருகின்றன, ஆனால் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளியே விலை கொடுத்து வாங்கப் போனால் பல ஆயிரம் டாலர் ஆகும், அது சுலபமாக ஐந்திலக்கத்தைத் தொட்டுவிடும். முறையான பயிற்சி, சான்றிதழ் என்று கட்டாயமாக்கினால், கையில் காசில்லாமல் தானே வீட்டில் உட்கார்ந்து நாயைப் பழக்கிக்கொண்டவருக்குக் கதவு அடைபடும். இன்னொன்றும் உண்டு: சக்கர நாற்காலியில் வருகிறவரிடம் கடை வாசலில் யாரும் டாக்டர் சீட்டு கேட்பதில்லை, நாயோடு வருகிறவர் மட்டும் ஏன் ஒவ்வொரு வாசலிலும் காகிதத்தை நீட்ட வேண்டும்?

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களோடுதான் இந்தக் கதை இங்கே தொடங்கியது. 1928-இல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் சுவிட்சர்லாந்தில் பழகிய பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு நியூயார்க்கில் வந்திறங்கி, பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க நெரிசலான வெஸ்ட் ஸ்ட்ரீட்டைத் தனியாகக் கடந்து காட்டினார். அடுத்த வருடம் தொடங்கிய 'தி சீயிங் ஐ' நிறுவனம் இன்று எங்கள் மாநிலத்தில்தான், மோரிஸ்டவுனில் இருக்கிறது. அந்த ஊர்த் தெருவில் நின்றால் பயிற்சியாளர்கள் இளம் நாய்களோடு சாலை கடக்கப் பழக்குவதைச் சும்மாவே பார்க்கலாம். நான் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன், ஒவ்வொரு நடைபாதை விளிம்பிலும் நாய் நின்று நிதானித்த பிறகே அடுத்த அடி வைக்கிறது.

சரி, சான்றிதழ் இல்லையென்றால் கடைக்காரர் எப்படி நம்புவது? இரண்டு கேள்வி கேட்கலாம். இது உங்கள் உடல்நலக் குறைபாட்டுக்காகத் தேவைப்படும் சேவை நாயா? எந்த வேலையைச் செய்ய அல்லது எந்த உதவிக்காக இது பழக்கப்பட்டிருக்கிறது? அதுவும் பார்த்தாலே தெரியாத நிலையில்தான் கேட்கலாம். என்ன வியாதி என்று கேட்கக் கூடாது, அட்டை கேட்கக் கூடாது, "எங்கே, செய்து காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றும் சொல்லக் கூடாது. நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் உணவகம் நடத்தும் நம் ஆட்கள் பலருக்கு இது தெரியவில்லை. சாப்பாட்டுக் கடை, சுகாதார விதி இருக்கிறது, பக்கத்து மேசைக்காரருக்கு நாய் என்றால் பயம், இன்னொருவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது என்று காரணம் சொல்லி அக்காவை ஒரு கடையில் வெளியே நிற்க வைத்தார்கள். இவை எதுவும் சட்டப்படி செல்லாது. இரண்டு பேரையும் தள்ளித் தள்ளி உட்கார வைப்பதுதான் வழி, கூடுதல் கட்டணமும் வாங்கக் கூடாது.

அதே நேரம் கடைக்காரருக்கும் உரிமை இருக்கிறது. நாய் கட்டுப்பாடில்லாமல் குரைத்துத் தாவி, சொந்தக்காரரும் அதை அடக்காமல் இருந்தாலோ, கண்ட இடத்தில் அசுத்தம் செய்தாலோ, நாயை வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். எவ்வளவு உண்மையான சேவை நாயாக இருந்தாலும் சொல்லலாம். ஆள் மட்டும் உள்ளே வந்து வாங்கிக்கொண்டு போக வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் தேர்வு இங்கேதான் நடக்கிறது. கடைக்குக் கடை, நாளுக்கு நாள், நாயின் நடத்தையை வைத்தே நடக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம்: என்ன வேலை? பக்கத்தில் இருந்தாலே மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஏடிஏ கணக்கில் அது வேலை ஆகாது. அப்படிப்பட்ட நாயை ஆறுதல் துணை விலங்கு என்ற வேறு வகையில் வைக்கிறார்கள், அதற்குக் கடைக்குள் வரும் உரிமை இல்லை. ஆனால் பதற்றத் தாக்குதல் வரப்போவதை உணர்ந்து, மடியில் ஏறிப் படுத்து அழுத்தம் கொடுக்கவோ, ஆளைக் கூட்டத்திலிருந்து வெளியே இழுத்துப் போகவோ பழக்கியிருந்தால் அது சேவை நாய்தான். மனநலப் பிரச்சினை குறைந்த பிரச்சினை என்று சட்டம் பார்ப்பதில்லை. விழுந்த சாவியை எடுத்துக் கொடுப்பது, கதவைத் திறப்பது, ரத்தச் சர்க்கரை இறங்குவதை மோப்பம் பிடித்துச் சொல்வது, வலிப்பு வரும்போது அலார்ம் பட்டனை அழுத்துவது எல்லாம் இதில் வரும்.

எங்கள் வீட்டில் குக்கர் விசிலை எப்படிப் பழக்கினோம் என்று சொன்னால் விஷயம் தெளிவாகும். முதல் வாரம் சத்தமே கிடையாது. அக்கா உள்ளங்கையை நீட்டுவாள், அவன் மூக்கால் தொடுவான், தொட்ட நொடியில் கிளிக்கர் (கையில் வைத்து அழுத்தினால் 'டிக்' என்னும் சின்னக் கருவி) சத்தம், உடனே ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழி. அது கை வந்ததும் "தொடு" என்ற சொல்லைச் சேர்த்தோம். (நாங்கள் எல்லாவற்றையும் தமிழில்தான் சொல்லிக்கொடுத்தோம், கடையில் யாரோ ஒருவர் அவனைப் பார்த்து "சிட்" என்றால் அவன் கண்டுகொள்வதில்லை.) அடுத்து, விசில் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, மிகக் குறைந்த ஒலியில் வைத்து, விசில், உடனே "தொடு", உடனே தீனி. ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம், அதற்கு மேல் போனால் அவனுக்குச் சலிப்புத் தட்டிவிடும். பன்னிரண்டாவது நாளோ என்னவோ, நான் "தொடு" சொல்வதற்கு முன்பே விசில் கேட்டதும் திரும்பி அக்கா முழங்காலில் மூக்கை வைத்தான். அக்கா அழுதுவிட்டாள்.

அதற்கப்புறம்தான் கஷ்டம் ஆரம்பித்தது. தொட்டால் கோழி கிடைக்கும் என்று புரிந்துகொண்டு விசில் அடிக்காமலே வந்து தொட ஆரம்பித்தான். அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க அக்கா பழக வேண்டியிருந்தது, அவளுக்கோ விசில் அடித்ததா இல்லையா என்பதே தெரியாது, ஆகவே இந்தக் கட்டம் முழுக்க நான் பக்கத்தில் நின்று தலையாட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. காது கேளாதவர் தன் நாயைத் தானே பழக்கும்போது கேட்கும் ஆள் ஒருவர் கூட இருப்பது எவ்வளவு அவசியம் என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு தூரம்: அக்கா மாடியில், குக்கர் கீழே. பிறகு "எங்கே?" என்று அவள் கேட்டதும் அடுப்பு வரை கூட்டிப் போவது. பிறகு அவன் தூங்கும்போது, குழந்தைகள் பந்து விளையாடும்போது, வாசலில் அணில் ஓடும்போது.

தீ எச்சரிக்கைக் கருவிக்கு மட்டும் வேறு மாதிரி பழக்க வேண்டும். குக்கர் என்றால் சத்தம் வரும் இடத்துக்குக் கூட்டிப் போகலாம், தீக்கு அப்படிக் கூட்டிப் போனால் ஆபத்து. அதனால் தொட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும், படுத்தால் தீ என்று பொருள். அந்தக் கருவியின் கீச்சுச் சத்தம் நிறைய நாய்களைப் பயமுறுத்தி ஒளியச் செய்துவிடும். ஒரு தடவை பயந்துவிட்டால் திருத்த மாதக்கணக்காகும். காதில் விழுந்தும் விழாத அளவு ஒலியில் தொடங்கி மெதுவாக ஏற்றினோம்.

வீட்டு வேலை பாதிதான். பொது இடத்தில் இருக்கத் தெரிவது இன்னொரு பாதி, பல பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். மேசைக்கு அடியில் ஒன்றரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும், கீழே விழுந்த வடைத்துண்டைத் தொடக் கூடாது, இன்னொரு நாய் குரைத்தாலும் திரும்பிப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தை வாலைப் பிடித்தாலும் உறுமக் கூடாது. உதவி நாய் வைத்திருப்பவர்களின் சர்வதேச அமைப்பான ஐஏஏடிபி குறைந்தபட்ச அளவாகச் சொல்லிவந்தது, ஆறு மாதத்துக்குக் குறையாத காலத்தில் 120 மணி நேரப் பயிற்சி, அதில் 30 மணி நேரமாவது வெளியிடங்களில். சட்டம் இதைக் கேட்பதில்லை, ஆனால் எனக்கு இது மிகவும் நியாயமான கணக்காகப் படுகிறது. எங்களுக்கு உண்மையில் அதைவிட அதிகம்தான் ஆனது, பதினான்கு மாதம். நடுவில் ஒரு இலக்கு வேண்டுமென்றால் அமெரிக்கன் கென்னல் கிளப் 1989 முதல் நடத்தும் 'கேனைன் குட் சிட்டிசன்' சோதனை இருக்கிறது. அறிமுகமில்லாதவர் வந்து கைகொடுப்பது, கூட்டத்தில் நடப்பது, கூப்பிட்டால் வருவது, சொந்தக்காரர் மூன்று நிமிடம் கண்ணில் படாமல் போனாலும் அமைதியாக இருப்பது என்று பத்துப் பகுதி. அது சேவை நாய்ச் சான்றிதழ் ஆகாது, எந்த நாயும் எழுதலாம், ஆனால் அதையே தாண்டாத நாயைக் கடைக்குள் கூட்டிப் போகாதீர்கள்.

தானே பழக்குவது என்றால் தனியாகப் பழக்குவது என்று பொருளில்லை. நாங்கள் மாதம் இரண்டு தடவை ஒரு பயிற்சியாளரிடம் போனோம். இங்கே நாய்ப் பயிற்சியாளர் என்று போர்டு மாட்ட பொதுவாக உரிமம் எதுவும் தேவையில்லை, அதனால் நாய்ப் பயிற்சியாளர்களுக்கான சிபிடிடி-கேஏ போன்ற தேர்வு எழுதியவரா, இதற்கு முன் சேவை நாய் பழக்கியிருக்கிறாரா, கழுத்தில் ஷாக் பட்டை மாட்டிப் பழக்குகிறவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பயத்தில் வேலை செய்யும் நாய் நெரிசலில் உடைந்துபோகும்.

சொல்ல மனமில்லாவிட்டாலும் சொல்ல வேண்டியது: உங்கள் நாய் இதற்குச் சரிப்படாமல் போக வாய்ப்பு நிறைய. பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே பெற்றோரைப் பார்த்துத் தேர்ந்து, குட்டியிலிருந்தே வளர்க்கும் நாய்களில் ஏறக்குறைய பாதி கடைசிவரை வருவதில்லை. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை மனிதர், சத்தம், தரை, வண்டி எல்லாம் பார்த்துப் பழகாத நாய்க்குப் பின்னால் அந்தக் குறையை ஈடுசெய்வது மிகக் கடினம். ஆளைத் தாங்கி எழுப்புவது போன்ற வேலைக்கு இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் தொடங்கவே கூடாது, நாய்களின் எலும்பு, மூட்டு நலத்தை மதிப்பிடும் ஓஎஃப்ஏ அமைப்பு இறுதி மதிப்பீடு தருவதே 24 மாதம் ஆன பிறகுதான். வெளியே போனாலே வாலை ஒடுக்கிக்கொள்ளும் நாயை விடாப்பிடியாக இழுத்துப்போவது அதற்குச் செய்யும் கொடுமை. அது வீட்டில் மட்டும் விசில் சொல்லட்டும், அதுவே பெரிய உதவி.

பழகிக்கொண்டிருக்கும் நாய்க்கு ஏடிஏ பாதுகாப்புத் தருவதில்லை, இதையும் பலர் கவனிப்பதில்லை. மாநிலச் சட்டம்தான் முடிவு செய்யும். பல மாநிலங்கள் பயிற்சியில் உள்ள நாயையும் அனுமதிக்கின்றன, ஆனால் சில இடங்களில் அது பயிற்சியாளருக்கு மட்டும்தான். உங்கள் மாநிலச் சட்டத்தைப் படிக்கும்வரை, எல்லா நாய்களையும் விடும் கடைகள், பூங்கா, ரயில் நிலைய வாசல் போதும், நாங்கள் முதல் எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினோம்.

கடைக்கு உள்ள விதி விமானத்துக்குப் பொருந்தாது. போக்குவரத்துத் துறையின் புதிய விதி 2021 ஜனவரி 11 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஆறுதல் துணை விலங்குகளைச் சேவை விலங்காக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்குப் போய்விட்டது, சேவை நாய்க்கு ஒரு படிவம் கேட்கலாம். தடுப்பூசி, நடத்தை, பழக்கியவர் யார் என்று அதில் எழுத வேண்டும், நீங்களே பழக்கியிருந்தால் உங்கள் பெயரையே எழுதலாம். எட்டு மணி நேரம் அல்லது அதற்கு மேற்பட்ட பயணமென்றால், நாய் அடக்கிக்கொள்ளும் அல்லது அசுத்தமில்லாமல் கழிக்கும் என்று இன்னொரு படிவம். இதில் பொய் எழுதினால் மத்தியச் சட்டப்படி குற்றம். ஊருக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள் இன்னும் இரண்டு முறை யோசியுங்கள்: ஏடிஏ அமெரிக்க எல்லையோடு நின்றுவிடும், அத்தோடு வெறிநோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால் நாய் திரும்பி வரும்போது நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி கேட்கும் தடுப்பூசிக் காகிதங்களை இங்கிருந்து கிளம்பும் முன்பே முடித்திருக்க வேண்டும்.

வேலை இடமும் வேறு. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமென்றால் ஏடிஏவின் முதல் பகுதி பொருந்தும், நாயை அலுவலகத்துக்குக் கொண்டுவர முன்கூட்டியே கேட்க வேண்டும், அவர்கள் மருத்துவ ஆதாரம் கேட்கவும் செய்யலாம். வாடகை வீட்டுக்கு நியாய வீட்டுவசதிச் சட்டம் இருக்கிறது, சேவை நாய்க்குச் செல்லப்பிராணிக் கட்டணம் வாங்கக் கூடாது. இந்த இரண்டு இடத்திலும் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு சாதாரண நோட்டு: எந்தத் தேதி, எங்கே, எவ்வளவு நேரம், என்ன பழக்கினோம், எத்தனை தடவை சரியாகச் செய்தான், எத்தனை தடவை தவறினான். அட்டையைக் காட்டினால் முகத்தைச் சுளித்த ஆட்கள் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து மரியாதையாகப் பேசினார்கள்.

கோயில்? மத அமைப்புகளுக்கு ஏடிஏவிலிருந்து விலக்கு உண்டு, கோயிலோ சர்ச்சோ மசூதியோ, அவர்கள் நாயை அனுமதிக்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. முன்கூட்டியே நிர்வாகத்தைக் கேட்பதுதான் மரியாதை. அக்கா கேட்டபோது வெளி மண்டபம் வரை வரலாம் என்றார்கள், அவள் அதிலேயே மகிழ்ந்துபோனாள்.

சாதாரண வளர்ப்பு நாய்க்கு வெஸ்ட் மாட்டிக் கூட்டிவருபவர்கள் செய்வது சின்ன ஏமாற்று இல்லை. அப்படி ஒரு நாய் கடையில் இன்னொரு சேவை நாயைக் கடித்தால், கடிபட்ட நாய் பயந்து வேலையை விட்டுவிடலாம், இரண்டு வருட உழைப்பு போச்சு. கலிஃபோர்னியாவில் பொய்யாகச் சேவை நாய் என்று சொன்னால் ஆறு மாதம் வரை சிறையோ 1000 டாலர் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம், ஃபுளோரிடாவில் அபராதத்தோடு 30 மணி நேரச் சமூக சேவையும் உண்டு. அரசே தேர்வு வைத்தால் இதெல்லாம் தீராதா என்று கேட்பவர்களுக்கு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா இருக்கிறது: அங்கே 2016 முதல் மாகாணமே சோதனை வைத்து அட்டை தருகிறது, தானே பழக்கிய நாயும் எழுதலாம். நான் அதை முழுசாக எதிர்க்கவில்லை. ஆனால் தேர்வு மையம் தொலைவில், தேதி கிடைக்க மாதங்கள் என்று ஆகிவிட்டால் அக்கா போன்றவர்கள்தான் முதலில் விடுபடுவார்கள் என்பதால் இங்குள்ள முறையே மேல் என்பேன்.

அவனுக்கு இப்போது ஏழு வயது. இந்த வேலை செய்யும் நாய்கள் பெரும்பாலும் பத்து வயதை ஒட்டி ஓய்வு பெறுகின்றன, அதற்கு முன்பே காது மந்தமாகிவிட்டால் காது கேட்கும் வேலையும் முடிந்தது. அடுத்த குட்டியை எடுப்பது பற்றி இந்த வருடமே பேசத் தொடங்கியிருக்கிறோம், பெரியவன் விசிலுக்கு ஓடுவதைப் பார்த்தே சின்னவன் பாதி கற்றுக்கொள்வான் என்று அக்கா நம்புகிறாள்.